கம்பிக்கு இந்தப் பக்கம்

என் நாயைச் சுட்டவன் என் வாசலில் வந்து நின்று காப்பி கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் கொதிக்கிற பாத்திரத்தை அப்படியே அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். வீட்டில் மிச்சமிருந்ததே ஒரு பிடி காப்பித்தூள்தான் என்பதால் அவன் தப்பித்தான்.

பெயர் கிராடக். மாட்டுக் கம்பெனியின் எல்லைக் காவல்காரன். அந்தக் கம்பெனியின் முதலாளிகள் கடலுக்கு அப்பால் எங்கேயோ உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ராஜ்யம் நடத்தியது மேஸ்திரி பர்டெட்தான். ஓடைத் தண்ணீர் மொத்தமும் தன் மாடுகளுக்கே வேண்டும் என்பது அவன் கட்சி. அந்த ஓடை வளைகிற இடத்தில்தான் ஆர்ஃபா என்கிற நானும் என் கணவர் லெமுவேலும் சர்க்கார் சட்டப்படி நூற்றறுபது ஏக்கர் பதிந்து, முள்கம்பி வேலி போட்டு, போதாக்குறைக்கு ஆடும் வளர்த்தோம். வயோமிங்கில் மாட்டுக்காரனுக்கு ஆட்டைக் கண்டாலே ஆகாது. ஆட்டுக்காரியைக் கண்டால் இன்னும் ஆகாது.

ஒவ்வொரு வசந்தத்திலும் கிராடக் வந்து எங்கள் கம்பியை நறுக்கிவிட்டுப் போவான். வேலிக்குக் கேட் இருந்தது, பூட்டுக்கூடக் கிடையாது. கேட்டைத் திறந்து மாடுகளை உள்ளே விட்டிருக்கலாம். அதைச் செய்யமாட்டான், கம்பியைத்தான் நறுக்குவான். கேட்டைத் திறந்தால் வேலி எங்களுடையது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். இதைக் குதிரை மேலிருந்து அவனே ஒருமுறை லெமுவேலிடம் சொன்னான். குரைத்த நாயை அன்றைக்குத்தான் சுட்டான்.

இப்போது குதிரையிலிருந்து அவன் இறங்கவே நேரம் பிடித்தது. வலது கால் மடங்கவில்லை. குதிரையின் இடது தொடையில், ஏறி இறங்குகிற பக்கத்தில், கம்பெனியின் சூட்டுக்குறி பெரிதாகத் தெரிந்தது. நான் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை.

"இப்ப கம்பெனியில இல்ல" என்றான். "போன குளிருக்கு முன்னாடி கால் ஒடிஞ்சிருச்சு. நொண்டிக்கு இங்க என்ன வேலைன்னு பர்டெட் வெளிய தள்ளிட்டான். கூலிக்குப் பதிலா இந்தக் குதிரையக் குடுத்து, போய்த் தொலைன்னான்."

"அதுக்கு நான் ஒப்பாரி வைக்கணுமா?"

"உனக்குச் சாட்சி வேணும்னு கேள்விப்பட்டேன்."

வேண்டும்தான். அதை நினைத்தே எனக்குத் தூக்கம் போயிருந்தது. பதிந்த நிலத்தில் ஐந்து வருஷம் இடைவிடாமல் குடியிருந்தால் பட்டா கிடைக்கும். குடியிருந்ததைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர் நில ஆபீசில் பைபிள் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும். எனக்கு ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. ஆனால் பர்டெட் ஆட்சேபம் கொடுத்திருந்தான். மூன்றாவது குளிர்காலத்தில் இந்த இடம் காலியாகக் கிடந்தது, வீடே இல்லை, அதனால் என் பதிவு செல்லாது என்று. அவன் ஆள் ஒருவன் இதே நிலத்தைக் கேட்டு மனுவும் போட்டுவிட்டான்.

வீடு இல்லாதது நிஜம். அந்த இலையுதிர் காலத்தில் புல்வெளித் தீ வந்து வீட்டைத் தின்றுவிட்டது. நான் மேட்டுக்கு அப்பால் ஆடுகளோடு இருந்தேன். லெமுவேல் ஒற்றை ஆளாக ஈரச் சாக்கை வைத்துக்கொண்டு தீயோடு மல்லுக்கட்டினார். புகை நெஞ்சில் இறங்கிவிட்டது. மின்னல் விழுந்து பற்றியது என்றார். பிறகு இருமி இருமி, கிறிஸ்துமஸ் வருவதற்குள் போய்விட்டார். வீடு எரிந்த வாரமே நான் ஓடைக் கரையில் பொந்து குடைந்து, வாசலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, ஆடுகளோடு ஆடாக அந்தக் குளிர்காலத்தைத் தள்ளினேன். அதைப் பார்த்தது யார்? ஆடுகள் பார்த்தன. ஆட்டை பைபிள் மேல் சத்தியம் செய்யச் சொல்ல முடியுமா? பக்கத்து நிலத்து நார்வேக்காரன் நில்ஸ் நல்லவன், சாட்சிக்கு வரச் சம்மதித்தான். ஆனால் அவன் குடிவந்ததே அதற்கு அடுத்த வருஷம். பழைய ஆட்கள் எல்லோருக்கும் திடீரென்று முதுகுவலி வந்துவிட்டது.

"அந்தக் குளிர்காலம் நீ கரைப் பொந்துலதான் இருந்த" என்றான் கிராடக். "நான் பார்த்தேன்."

"நீ எதுக்குப் பார்த்த?"

"பார்க்கச் சொன்னாங்க. நீ எப்ப மூட்டையக் கட்டுவேன்னு. எதிர் மேட்டுல நின்னு வாரா வாரம் உன் பொந்துப் புகைய எண்ணிட்டுப் போவேன். போய், இன்னும் இருக்கா சனியன்னு சொல்லுவேன்."

"இப்ப எனக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கியா? மனசு மாறிடுச்சாக்கும்."

"உனக்காக எவன் வந்தான்? உன் ஆட்டு நாத்தம் எனக்கு இன்னைக்கும் குமட்டுது. பர்டெட் மூஞ்சி கோணுறத ஒரு தடவை பார்க்கணும், அவ்வளவுதான். ஆனா ஒரு நிபந்தனை. நான் சொல்ல ஆரம்பிச்சா நடுவுல எந்திரிச்சுக் கத்தக் கூடாது. முழுசாச் சொல்ல விடணும்."

நாயைப் பற்றிச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சரி என்றேன். காப்பி கொடுக்கவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை.

சாட்சிகளின் பெயரை முன்கூட்டியே பத்திரிகையில் போட வேண்டும் என்பது சட்டம். அதனால் கிராடக் பெயர் பர்டெட்டின் கண்ணில் படாமல் இருக்க வழியில்லை.

விசாரணை நாளன்று நில்ஸ் வண்டியோட்ட நாங்கள் டன்லேவி ஊருக்குள் நுழைந்தபோது, நில ஆபீசுக்கு முன்னாலேயே கூட்டம். எதிரே குதிரை லாயத்தின் உத்தரத்தில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்பே தனியாக வந்து சேர்ந்திருந்த கிராடக், கயிற்றுக்குக் கீழே கை பின்னால் கட்டப்பட்டு நின்றான். அவன் குதிரையை லாயக்காரன் பிடித்துக்கொண்டிருந்தான். பர்டெட் வெள்ளிப் பூண் போட்ட தொப்பியும் தானுமாக நடுவில் நின்றான். பக்கத்தில் ஷெரிப், ஆளுக்கு முந்தி முடிவு சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க" என்றான் பர்டெட். "சாட்சி கூட்டிட்டு வருவீங்கன்னு பார்த்தா, குதிரைத் திருடனக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. உங்க சகவாசம் எப்பவும் ஒரு தினுசுதான்."

"நீங்க குடுத்த குதிரைன்னு சொல்றானே."

"நானா? நான் ஏன் குடுக்கறேன்? தொடையப் பாருங்க, எங்க சூடு. குறுக்க வெட்டு இருக்கா? இல்ல. அப்ப திருட்டு. ஷெரிப் சார், வெயில் ஏறுது."

எங்கள் பக்கத்தில் குதிரையின் சொந்தக்காரன் யார் என்பதை அதன் தொடைச் சூடுதான் சொல்லும். விற்றாலும் கொடுத்தாலும், கொடுத்தவன் தன் சூட்டின் குறுக்கே பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒரு கோடு இழுக்க வேண்டும். அதற்கு வெட்டுச் சூடு என்று பெயர். வெட்டு இல்லாத அடுத்தவன் குதிரையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கயிறுதான். ஆனால் குளிர்காலத்தில் குதிரைக்கு விரல் நீளம் முடி வளர்ந்துவிடும். பழைய ஆழமான சூடு தெரியும். மெல்லிசான கோடு முடிக்குள் முங்கிப் போகும். சந்தேகம் என்றால் முடியை வெட்டிப் பார்ப்பதுதான் முறை. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். தூக்குப் போடுகிற அவசரத்தில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

"முடிய வெட்டிப் பாருங்கடான்னு காலையில இருந்து கத்துறேன்" என்றான் கிராடக். அவன் உதடு கிழிந்திருந்தது. "ஒருத்தனுக்கும் கத்தி கிடைக்கலையாம். இடுப்பு நிறைய வச்சிருக்கானுங்க."

கத்தரி என் வண்டியில் இருந்தது. ஆட்டு முடி வெட்டும் காலம் வந்துகொண்டிருந்ததால் கொல்லனிடம் சாணை பிடிக்கக் கொண்டுவந்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவன் மேல் இரக்கமெல்லாம் இல்லை. அவன் கழுத்து போனால் என் நிலம் போகும், அது மட்டும்தான் மனதில் ஓடியது.

"ஐயோ, ஆட்டுக்காரி குதிரைக்கும் மொட்டை அடிக்கப் போறா!" என்றான் பர்டெட்டின் ஆள் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"உனக்கும் அடிக்கணும்னா வரிசையில வந்து நில்லு, கண்ணு" என்றேன்.

பர்டெட் குறுக்கே வந்து கையை நீட்டினான். "ஷெரிப், கம்பெனி குதிரை மேல இந்தப் பொம்பள கை வைக்கக் கூடாது."

"முடிதானே, வளரும்" என்றார் ஷெரிப். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

குதிரை என்னைவிட அமைதியாக நின்றது. சூட்டை ஒட்டி, தோலோடு தோலாகக் கத்தரியை விட்டேன். முடி கற்றை கற்றையாக விழுந்தது. கம்பெனிச் சூட்டின் குறுக்கே, கோணலாக, ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது.

கூட்டம் முட்டி மோதி எட்டிப் பார்த்தது. பிறகு பர்டெட், "இது அவனே இழுத்த கோடு. நாங்க இழுத்தது இல்ல" என்றான்.

அங்கேதான் அவன் வாய் அவனுக்கே வினையானது. லாயக்காரன் குதிரைக் கயிற்றை நழுவவிட்டான். "மேஸ்திரி, இதே கோணக் கோட்ட நம்பித்தான் நான் உங்ககிட்ட ஒரு லாயம் நிறையக் குதிரை வாங்கியிருக்கேன். நாளைக்கு அதெல்லாம் நானே இழுத்துக்கிட்டதுன்னு சொல்வீங்களா?"

"என்னோட ரெண்டும் அப்படித்தான்" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். அவர் ஊர்ப் பாதிரியார். அதற்குப் பிறகு ஆளாளுக்குத் தங்கள் குதிரையை நினைத்துப் பேச ஆரம்பித்தார்கள். கிராடக்கின் கழுத்தைப் பற்றி ஒருவருக்கும் கவலை கிடையாது. ஷெரிப்பின் குதிரையும் கம்பெனியிடம் வாங்கியதுதான். அவர் குனிந்து கிராடக்கின் கட்டை அவிழ்த்தார்.

"காப்பாத்திட்டேன்னு நினைக்காத" என்றான் கிராடக், மணிக்கட்டைத் தேய்த்தபடி. "இன்னும் கொஞ்ச நேரத்துல, ஏண்டா கத்தரிய எடுத்தோம்னு இருக்கும் உனக்கு."

நில ஆபீசில் அதிகாரி பெட்டிபோன், ஒரு மேசை, ஒரு அடுப்பு, பிதுங்கப் பிதுங்கக் கூட்டம். நில்ஸ் தனக்குத் தெரிந்ததைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். கிராடக் பைபிள் மேல் கை வைத்தான். எந்தெந்த வசந்தத்தில் எந்த மூலையில் என் கம்பியை நறுக்கினான் என்று சொன்னான். நாயைச் சொன்னான். பெட்டிபோன் எழுதிக்கொண்டே போனார்.

"ஆள் இல்லாத இடத்துல எதுக்குய்யா கம்பிய நறுக்கணும்?" என்று கிராடக் கேட்டபோது கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

பர்டெட் எழுந்தான். "மூணாவது குளிர்காலத்துக்கு வாங்க. வீடு இல்லாத இடத்துல ஒரு பொம்பள எப்படிக் குடியிருப்பா? அவ அங்க இருந்தான்னு இவனுக்கு எப்படித் தெரியும்?"

"கரைப் பொந்துல இருந்தா. நீதானே என்னைப் பார்க்க அனுப்பின."

"நான் எதுக்கு அனுப்பணும்?"

"தீ வச்சும் போகலையே, ஏன் போகலைன்னு தெரிஞ்சுக்க."

எனக்கு முதலில் புரியவில்லை. மின்னல் என்றுதானே லெமுவேல் சொன்னார் என்று மனம் பழையதையே சொல்லிக்கொண்டிருந்தது. பெட்டிபோன் பேனாவை நிறுத்தினார். "யார் வச்ச தீ?" என்றார்.

"நான் வச்ச தீ. காத்து மேற்கிலிருந்து அடிக்கிற நாளாப் பார்த்து வைன்னான் இவன். வச்சேன். புல்லு மட்டும் போகும்னு நினைச்சேன். வீடும் போச்சு." அவன் என்னைப் பார்க்கவில்லை. "அந்த ஆளும் போனார். வீடு போனதாலதான் இவ பொந்துக்குப் போனா. அதனாலதான் எனக்கு அந்தக் குளிர்காலம் மறக்காது."

நான் எழுந்துவிட்டேன். என்னை அறியாமலே எழுந்துவிட்டேன். கத்தரி இன்னும் என் மடியில்தான் இருந்திருக்கிறது, அது தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அவனைக் குத்த வேண்டும் என்றுதான் தோன்றியது; பொய் சொல்வானேன். நில்ஸ் என் கையைப் பிடித்து, "அக்கா, உக்காருங்க. நிலம், அக்கா" என்றான். வேறு எந்த வார்த்தை சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். உட்கார்ந்தேன்.

எல்லோரும் ஷெரிப்பைப் பார்த்தார்கள். தீ வைத்தவனைப் பிடித்தால் வைக்கச் சொன்னவனையும் பிடிக்க வேண்டும். ஷெரிப் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை.

பெட்டிபோன் என் பக்கம் திரும்பினார். அவர் குரல் இறங்கியிருந்தது. "அம்மா, கேக்கணும்ங்கிறது விதி, அதனால கேக்குறேன். இந்தச் சாட்சி சொன்னது முழுக்க உண்மைன்னு நீங்க ஏத்துக்கிறீங்களா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் தீ மறுபடியும் மின்னலாகியிருக்கும், நிலம் பர்டெட்டுக்குப் போயிருக்கும். "உண்மைதான்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இருந்த பலம் எல்லாம் வேண்டியிருந்தது. பெட்டிபோன் முத்திரையைக் குத்தினார். பர்டெட்டின் முகம் கோணியதா என்று நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்க வந்தவன் வேறு ஒருவன்.

திரும்பி வரும் வழி முழுவதும் நில்ஸ்தான் வண்டியோட்டினான். நான் அழுதேன், நிலம் கிடைத்ததற்கா மற்றதற்கா என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் வெயில் சாய்கிற நேரம், கேட்டுக்கு வெளியே குதிரை வந்து நின்றது. ஒரு பக்கத் தொடை மட்டும் மொட்டை. டன்லேவி பாதையில் பர்டெட்டின் ஆட்கள் காத்திருப்பார்கள் என்பது எனக்கும் தெரிந்ததுதான். அவர்கள் கைக்கு எட்டாமல் மலைக் கணவாய்க்குப் போக ஒரே வழி, என் நிலத்தின் ஊடாக ஓடையைக் கடப்பது.

கம்பி நறுக்கும் இடுக்கி அவன் சேணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தொடவில்லை. குதிரை மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"இப்ப இது உன் நிலம்" என்றான். "கேக்காம உள்ள வந்தா நீ சுடலாம், சட்டம் இருக்கு."

"கேட்டு வந்தாலும் சுடலாம்னு தோணுது."

"அதுவும் சரிதான். கேக்குறேன். இப்படிப் போகட்டுமா?"

துப்பாக்கி கையில் இருந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவனும் அவசரப்படுத்தவில்லை.

"இறங்கு" என்றேன். "குதிரையில போகக் கூடாது. நடந்து போ."

"கால் இப்படி இருக்கு."

"தெரியும். நட."

இறங்கினான். கேட்டைத் திறந்தேன். அந்தக் கேட்டின் வழியாக அவன் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. குதிரையைப் பிடித்துக்கொண்டு, மடங்காத காலை இழுத்து இழுத்து நடந்தான். நான் துப்பாக்கியோடு பின்னால் நடந்தேன். நேர்வழியில் போக விடவில்லை. பழைய வீட்டின் கரிந்த கல் அடுப்பு இன்னும் நிற்கிற இடத்தைச் சுற்றி நடத்தினேன். ஆட்டுப் பட்டி, கரைப் பொந்து எல்லாவற்றையும் காட்டினேன். ஓடைக்கு முன்னால், பாப்லர் மரத்தடியில் லெமுவேலைப் புதைத்த இடம் வந்தது.

"தொப்பியக் கழட்டு."

கழற்றினான். காலின் வலியில் அவன் முகமெல்லாம் வேர்த்திருந்தது. எனக்குப் பரிதாபம் வரவில்லை. வந்திருந்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வந்திருக்கும்.

"ஒண்ணு கேக்கணும்" என்றான். "அவர் என் பேரைச் சொல்லலையா?"

"எந்தப் பேரு?"

"தீ வச்ச அன்னைக்கு அவர் என்னைப் பார்த்தார். புகைக்கு அந்தப் பக்கம் நின்னு, நேருக்கு நேர். பேரு தெரியும், மூஞ்சி தெரியும். உன்கிட்டச் சொல்லிருப்பார், இன்னைக்கு வருவ நாளைக்கு வருவன்னு அந்தக் குளிர்காலம் முழுக்கத் துப்பாக்கிய வச்சுக்கிட்டேதான் தூங்கினேன். நீ வரவே இல்ல."

நான் லெமுவேலின் தலைமாட்டில் நட்ட பலகையைப் பார்த்தேன். மின்னல் என்றார். அன்று நான் இருந்த மேட்டுக்கு மேல் வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. இருமலுக்கு நடுவிலும், நான் கேட்ட ஒவ்வொரு தடவையும், மின்னல்தான் ஆர்ஃபா, மின்னல்தான் என்றார். இவன் பெயரைச் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். அவர்கள் என்னைச் சுட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் தூக்கில் போட்டிருப்பார்கள். இந்த ஓடை வளைவில் இன்றைக்கு பர்டெட்டின் மாடுகள் நின்றிருக்கும். என்னை எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

"மின்னல்னு சொன்னார்" என்றேன்.

கிராடக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "பேசாதே" என்றேன்.

ஓடையில் முழங்கால் அளவு பனித்தண்ணீர். அதிலும் நடந்தே போனான். அக்கரையில் மேற்கு வேலிக்குச் சின்னக் கேட் ஒன்று உண்டு. அதைத் திறந்துவிட்டேன். வெளியே போய், மூன்று முறை முயன்று குதிரை மேல் ஏறி, தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கணவாய்ப் பக்கம் போனான். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுட்டிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். பிறகு திரும்பி மரத்தடிக்கு வந்து, லெமுவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டும் வரை அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.